பன்றித்தலையும் ஏழு லிட்டர் தண்ணீரும்

பன்றித்தலை சிரித்துக்கொண்டிருந்தது. சிரிக்கிற தலைக்குத்தான் ராசி என்று யோம் இன்தே, கொரியாவின் தேஜான் நகரச் சந்தையில் ஆறு தலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இதை வாங்கி வந்திருந்தார். கம்பெனிக்கு அவர்தான் தலைவர். கம்பெனி என்றால் மூன்றாவது மாடியில் ஓர் அறை, நான்கு பேர், இப்போது நுண்ணுயிர் வளர்க்க ஒரு புது ஃபெர்மென்டர்.

ஃபெர்மென்டர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தது. தலை வெளியே இருந்தது. நடுவில் ஆராய்ச்சியாளர் சே யுன்சுல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"தலை உள்ள வராது சார்."

"மெஷின் உள்ள, தலை வெளிய. அப்ப யாருக்கும்மா பூஜை? லிஃப்டுக்கா?"

"கையில என்ன பாட்டில்?"

"அரிசிக் கள்ளு. பூஜைன்னா கள்ளு ஊத்தணும்."

"அதுல இருக்கிறது ஈஸ்ட். நாம இந்த ஃபெர்மென்டர்ல வளர்க்கப் போறதும் ஈஸ்ட். ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நமக்குக் கிடைக்கப் போறது புரதம் இல்ல. பத்து லிட்டர் புளிச்ச கஞ்சி. கடை போட்டு விக்கலாம்."

"போன மூணு வருஷமா பூஜை போடல. என்ன கிழிச்சோம்?"

"போன மூணு வருஷமா பாக்டீரியாவ வச்சு செஞ்சோம். அது வேற."

"அதுக்கும் ஒரு தலை வாங்கிப் போட்டிருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்."

இருவரும் தாக் கியூஜினைப் பார்த்தார்கள். அவன்தான் அங்கே மூத்த விஞ்ஞானி. தகராறு எதுவானாலும் கடைசியில் அவன் மேசைக்குத்தான் வரும். அவன் எல்லாவற்றையும் ஒரே குரலில் தீர்த்து வைப்பான். சூடும் கிடையாது, குளிர்ச்சியும் கிடையாது.

"தலைய பைக்குள்ள போட்டுக் கட்டி, ஸ்பிரிட் அடிச்சு, ஒரு மீட்டர் தள்ளி வைக்கலாம். கள்ளு வெளியிலேயே இருக்கட்டும்."

அப்படியே ஆயிற்று. கண்ணாடித்தாள் பைக்குள் தலை இன்னும் நன்றாகச் சிரித்தது. மற்ற இடங்களில் பன்றியின் வாயில் பணம் செருகுவார்கள். யோம், மரபணு வரைபடம் அச்சடித்த தாளைச் சுருட்டிச் செருகியிருந்தார். எல்லோரும் வெள்ளை அங்கியோடு மூன்று முறை விழுந்து கும்பிட்டார்கள். யோம் சத்தமாக வேண்டிக்கொண்டார்.

"ஈஸ்டு சாமி, அந்த பாக்டீரியா மாதிரி செஞ்ச புரதத்தை வயித்துக்குள்ளேயே வச்சுக்காத. எல்லாத்தையும் வெளிய தண்ணில தள்ளிடு. நாங்க தண்ணியப் பிடிச்சுக்கிறோம்."

தப்பில்லாத வேண்டுதல்தான். கியூஜின் போன மாதம் அவருக்குப் பத்து முறை விளக்கியது அது.

விஷயம் இதுதான். ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு பழம். அதன் புரதம் சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு இனிப்பு. பழத்திலிருந்து எடுத்தால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் அந்த மரபணுவை மட்டும் ஒரு நுண்ணுயிருக்குள் வைத்து, அதைச் செய்ய விட வேண்டும். கியூஜினுக்குக் கை பழகியது பாக்டீரியாவில். எட்டு வருடப் பழக்கம். பாக்டீரியா புரதத்தைச் செய்தது, நிறையவே செய்தது. ஆனால் மடிக்கத் தெரியாமல் கசக்கிக் கசக்கி உடம்புக்குள்ளேயே கட்டியாகக் குவித்து வைத்தது, ஈரத்துணியைச் சுருட்டி அலமாரிக்குள் திணிக்கிற மாதிரி. கட்டிகளைப் பிரித்து மறுபடி மடிக்கப் பார்த்தான். மூன்று வருடம் பார்த்தான். கசங்கின புரதம் இனிக்காது.

ஈஸ்ட் ஒழுங்காக மடிக்கும். மடித்ததை வெளியே தண்ணீரில் விடும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஐஸ்கிரீம் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். அவர்களுடைய கருவியில் போட்டுப் பார்ப்பதற்கு இரண்டு கிராம் சுத்தமான புரதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். பக்கத்து அறையில் நாய்களுக்கு ஷாம்பு செய்கிறவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை டேப் கொண்டு வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார்கள். "சும்மா ஒரு ஆர்வம்தான்" என்று சிரித்தார்கள்.

கியூஜினின் மனைவி போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. காலையில் எழுந்தால் அவனுக்குப் போவதற்கு இருந்த ஒரே இடம் இந்த அறை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. டேப் சத்தம் கேட்கும்போது மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

பூஜை முடிந்து எழும்போது யோமின் முழங்கை பட்டு, கதவோரம் இருந்த கள் பாட்டில் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் கழிவு கேன் இருந்தது. ஆய்வகத்தில் மிஞ்சுகிற திரவமெல்லாம் அதற்குள்தான் போகும். மேசைக்கு இடம் வேண்டுமென்று அதைத்தான் வெளியே இழுத்து வைத்திருந்தார்கள்.

"கள்ளு பட்ட கேன் இனிமே உள்ள வரக்கூடாது" என்றாள் யுன்சுல்.

"தொடைச்சா போச்சு."

"நீங்க தொடைச்சா இன்னும் பரவும் சார்."

துப்புரவு வேலையையும், கழிவை நீராவியில் அவிக்கிற ஆட்டோகிளேவையும் பார்த்துக்கொள்கிற மேங் சித்தி பழைய கேனைத் தூக்கிப் போய்விட்டுப் புதுக் கேன் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். பளபளவென்று வெள்ளையாக இருந்தது. அதோடு பூஜை முடிந்தது. தலையைச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைத்து, மறுநாள் எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கு டாக்டர்?"

"நல்லாயிருக்கு சித்தி."

மனைவி போன பிறகு கியூஜினுக்கும் சேர்த்துச் சித்திதான் மதியச் சாப்பாடு கொண்டு வருகிறார். தினமும் கேட்பார். தினமும் அவன் அதே இரண்டு வார்த்தைதான் சொல்வான். ஒருநாள் அவர் வேண்டுமென்றே உப்பில்லாத சூப் வைத்துப் பார்த்தார். அதற்கும் நல்லாயிருக்கு சித்திதான்.

ஈஸ்ட் பிரமாதமாக வளர்ந்தது. முதல் நாள் கிளிசரால் சாப்பிட்டது. பிறகு மெத்தனாலுக்கு மாறியது. ஆளைக் கொல்கிற சாராயத்தைக் குடித்துவிட்டு அமைதியாக வேலை பார்க்கிற ஒரே ஜீவன் இதுதான் என்று யோம் வியந்தார். தினமும் காலையில் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்.

"நுரைக்குதே, நல்லதா?"

"நுரைக்கும் சார்."

"நேத்து இவ்வளவு நுரைக்கலியே?"

"சார், அது குழந்தை இல்ல. போய் வேலையப் பாருங்க."

திங்கட்கிழமை அறுவடை. அன்றைக்கென்று யுன்சுலுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க நாள் குறித்திருந்தது. மூன்று மாதம் காத்திருந்து வாங்கின நாள்.

"பதினோரு மணிக்குள்ள வந்துடுவேன் சொன்பே. அதுவரைக்கும் சும்மா சுத்தி மட்டும் வைங்க" என்றாள். சொன்பே என்றால் மூத்தவர், கியூஜினை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எட்டு வருஷமா இதத்தான செய்யறேன்."

"அதான் சொல்றேன்."

அவள் எதற்குச் சொன்னாள் என்று அவன் யோசிக்கவில்லை.

அறுவடை எளிய வேலை. ஃபெர்மென்டரில் இருப்பதைப் பாட்டில்களில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்ற வேண்டும். செல்லெல்லாம் அடியில் வண்டலாகப் படியும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். பாட்டிலை எடுத்து, தண்ணீரைச் சாய்த்துவிட்டு, வண்டலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாக்டீரியாவில் அப்படித்தான்.

கியூஜின் ஆறு பாட்டில்களை வைத்தான், சுற்றினான், எடுத்தான். கை தானாகச் சாய்ந்தது. தேநீர் நிறத் தண்ணீர் புது வெள்ளைக் கேனுக்குள் களகளவென்று இறங்கியது. மறுபடி ஆறு. மறுபடி ஆறு. ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தவில்லை. எட்டு வருடக் கை. கடைசிப் பாட்டிலைக் கவிழ்த்து, காகிதத்தில் தட்டி, விளிம்பில் ஒட்டின துளியையும் துடைத்தான். வண்டல் சோயா விழுது மாதிரி கெட்டியாக, அழகாக இருந்தது. தேதி எழுதி உறைபெட்டியில் வைத்தான். கேனை மூடி, 'கழிவு' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டி, மணியை அடித்தான்.

"ஏழு லிட்டர் சித்தி. அவிச்சுடுங்க."

மேங் சித்தி கேனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

யுன்சுல் பத்தே முக்காலுக்கு வந்தாள். ஒரு கன்னம் பஞ்சு திணித்து ஆரஞ்சுப் பழம் போல் இருந்தது. பாதி வாயால் பேசினாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உறைபெட்டில இருக்கு."

அவள் உறைபெட்டியைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இது வண்டல்."

"ஆமா."

"தண்ணி எங்க?"

கியூஜின் வாயைத் திறந்தான். மூன்று வருடக் குழுக்கூட்டங்கள், பத்து முறை யோமுக்குச் சொன்ன விளக்கம், பன்றிக்கு முன்னால் கேட்ட வேண்டுதல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. திரும்பி, கேன் இருந்த காலி இடத்தைப் பார்த்தான்.

"சொன்பே. தண்ணி எங்க?"

"சித்தி கிட்ட."

இருவரும் ஓடினார்கள். ஆட்டோகிளேவ் நடைபாதைக் கோடியில் இருந்தது. சூடு 94 டிகிரி என்று சிவப்பு எண் காட்டியது. யுன்சுல் நிறுத்துகிற பொத்தானைக் குத்தினாள். அது ஒரு முறை கூவிவிட்டு, யோசித்து, 98-க்கு ஏறி நின்றது. கதவு பூட்டியிருந்தது. சூடு ஆறாமல் திறக்காது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், யாருடைய கையும் வேகக்கூடாதென்று.

யோம் காபியோடு வந்தார். "என்ன, லிஃப்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

யுன்சுல் ஆட்டோகிளேவைக் கை காட்டினாள்.

"உள்ள என்ன?"

"நம்ம புரதம் சார்" என்றாள் யுன்சுல்.

"ஏன் அதுக்குள்ள போச்சு?"

"நான்தான் சார் கொட்டினேன்" என்றான் கியூஜின். "கை பாக்டீரியா ஞாபகத்துல கொட்டிடுச்சு."

"கையா?"

"கைதான் சார்."

யோம் அவன் கையைப் பார்த்தார். அப்புறம் காபியைப் பார்த்தார். அப்புறம் அந்தக் காபியை ஆட்டோகிளேவ் மேலேயே வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புரதத்தை வேகவைத்தால் என்ன ஆகும் என்று அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. முட்டை போதும். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கியூஜின் தானே கேனை இறக்கினான். மூடியைத் திறந்தான். தேநீர்த் தண்ணீர் முட்டை சூப் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கலங்கியிருந்தது. கேன் ஆடி, புறங்கையில் கொஞ்சம் தெறித்தது. கையுறை எங்கோ கழற்றிப் போட்டிருந்தான். தரையில் உட்கார்ந்து, அதே புறங்கையால் முகத்தையும் வாயையும் துடைத்துக்கொண்டான். இனி ஒரு முறை வளர்க்க ஐந்து நாள் வேண்டும். இருந்தது மூன்று நாள்.

பக்கத்து அறையிலிருந்து டேப் இழுக்கும் சத்தம் கேட்டது.

எது நடந்தாலும் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மேங் சித்தி டப்பாக்களைத் திறந்து வைத்தார். சோறு, பசலைக் கீரை, சூப், போன மாதம் அவரே நூறு முட்டைக்கோஸ் வாங்கி உப்புப் போட்டு ஊறவைத்த கிம்ச்சி. யுன்சுலுக்கு மட்டும் ஆறின கஞ்சி. கியூஜின் ஒரு துண்டு கிம்ச்சி எடுத்து வாயில் போட்டான். மென்றான். நிறுத்தினான்.

"எப்படி இருக்கு?" என்றார் சித்தி, வழக்கம் போல.

"இனிக்குது."

சித்தியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்னே?"

"கிம்ச்சி இனிக்குது சித்தி. ரொம்ப. சர்க்கரை போட்டீங்களா?"

அறையில் அதுவரை இருந்த துக்கம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. மேங் சித்தி மெல்ல எழுந்து நின்றார்.

"சர்க்கரையா? நானா? என் மாமியா என்னை நாப்பது வருஷம் எல்லாத்துக்கும் திட்டியிருக்கா. நடக்கிறதுக்குத் திட்டியிருக்கா, தூங்கறதுக்குத் திட்டியிருக்கா. கிம்ச்சிக்கு ஒரு நாள் திட்டினதில்ல. சர்க்கரை போட்டு மூடி மறைக்கிறது கடைக்காரன் புத்தி. நான் பேரிக்கா அரைச்சுப் போடறவ!"

"இல்ல சித்தி, நிஜமாவே..."

"ஏழு லிட்டரக் கொட்டினது நீ. கெட்டுப்போனது என் கிம்ச்சியா?"

"விடுங்க சித்தி, அவர் மூளை குழம்பியிருக்கு" என்றாள் யுன்சுல் பாதி வாயால்.

கியூஜின் சமாதானமாக ஒரு வாய் சூப் குடித்தான். முகம் மாறியது.

"சூப்பும் இனிக்குது."

"அடேய்!"

"சத்தியமா சித்தி." தண்ணீரை எடுத்துக் குடித்தான். "தண்ணியும் இனிக்குது."

சித்தி கரண்டியை ஓங்கினார். யுன்சுல் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வெகு மெதுவாக வைத்தாள்.

"சொன்பே. கடைசியா எப்ப கை கழுவினீங்க?"

கியூஜின் யோசித்தான். "காலைல."

"கேனைத் திறந்த பிறகு?"

"இல்ல."

"ஆய்வகத்துல கையுறை இல்லாம வேலை பாத்து, வாயைத் துடைச்சு, கை கழுவாம வந்து சாப்பிட்டிருக்கீங்க. பாதுகாப்பு விதி ரெண்டு, ஏழு, ஒன்பது. அதுக்கு அப்புறம் திட்டறேன்." அவள் எழுந்தாள். பஞ்சு விழாமல் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் புரதம் சூடு தாங்குமா?"

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தாங்கும். சின்னப் புரதம். உள்ளே நான்கு இடத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியது. கொதிநீரில் வைத்தாலும் ஒரு மணி நேரம் அவிழாது. அதை அவனே எழுதியிருக்கிறான். யோம் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிற படக்காட்சியின் மூன்றாவது பக்கத்தில், தடித்த எழுத்தில். யாரும் அதைப் படித்ததில்லை. எழுதினவனும் பிறகு படிக்கவில்லை.

"ஆனா பிளீச்?" என்றான். "கழிவு கேன் அடியில பிளீச் இருக்குமே. பிளீச் பட்டா எந்த முடிச்சும் நிக்காது."

"தினமும் அளந்து ஊத்தறது நான்தான்." யுன்சுல் கண்ணை மூடினாள். "பழைய கேன்ல ஊத்தினேன். இது புதுசு. இதுல... இதுல ஊத்த மறந்துட்டேன்."

பழைய கேன் கள் பட்டதால் வெளியே போனது. கள் பூஜைக்காக வந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து யோமின் குரல் கேட்டது. காது கதவிலேயேதான் இருந்திருக்கிறது.

"பன்றி!"

சாயங்காலம், புரதங்களைத் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் ஓட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக ஈஸ்ட் தண்ணீரை ஓட்டினால் ஏணிப்படி மாதிரி நிறையக் கோடு விழும், அதன் பிற புரதங்கள் எல்லாம். அவற்றை ஒவ்வொன்றாக விலக்க இரண்டு நாள் ஆகும். இதில் அடியில் ஒரே ஒரு கோடு. தடித்த, நீலக் கோடு. மற்றதெல்லாம் வெந்து, திரிந்து, வடிகட்டியில் தங்கிவிட்டது. வேகாதது மட்டும் தண்ணீரில் நின்றது.

யுன்சுல் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள்.

"மூணு வருஷம் கவனமா செஞ்சோம்" என்றாள். "கழிவுல போட்டு அவிச்சா வருது."

வியாழக்கிழமை ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து இருவர் வந்தார்கள். மூத்தவர், கூன் விழுந்த மெலிந்த மனிதர், வெள்ளைப் பொடியைத் தராசில் வைத்தார். இரண்டு புள்ளி ஆறு கிராம். ஜெல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா எப்படி எடுத்தீங்க?"

யோம் மூச்சை இழுத்துக்கொண்டு பதில் சொல்லத் தயாரானார். அவருக்குள் பெரிய பெரிய வார்த்தைகள் திரள்வதை கியூஜின் பார்த்தான்.

"தவறுதலா கழிவு கேன்ல கொட்டிட்டேன்" என்றான். "அத ஆட்டோகிளேவ்ல வச்சுட்டாங்க. பாதியில நிறுத்தினோம். மிச்சம் இருந்தது இதுதான். கேன் புதுசு. ஆனாலும் கழிவு கேன்தான். உங்க கருவில மட்டும் போட்டுப் பாருங்க, வாயில வைக்காதீங்க."

யோம் இழுத்த மூச்சை விடவில்லை. யுன்சுல் சுவரைப் பார்த்தாள்.

மூத்தவர் படத்தை இறக்கி அவனைப் பார்த்தார். "நான் பதினாலு வருஷம் பாக்டீரியா ஆளு. ஈஸ்டுக்கு மாறின முதல் வாரம் நானும் மேல் தண்ணியக் கொட்டினேன். எனக்கு எடுத்துக் கொடுக்கக் கேன் இல்ல. நேரா சாக்கடைல போச்சு." பெட்டியை மூடினார். "மறுபடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. சூடு அப்படியே இருக்கட்டும். கேன் வேண்டாம். அடுத்த மாசம் பாக்கலாம். அதுவரைக்கும் அறையக் காலி பண்ணாதீங்க."

அவர்கள் லிஃப்டில் இறங்கின பிறகுதான் யோம் மூச்சை விட்டார். நேரே பக்கத்து அறைக்குப் போனார். நாய் ஷாம்புக்காரர்களின் டேப்பைக் கொஞ்சம் கடன் கேட்டு வாங்கி வந்தார். அடுத்த தலைக்குப் பெரிய மேசை வேண்டுமாம், அளக்க வேண்டுமாம்.

"சின்னத் தலையே போதும் சார்" என்றாள் யுன்சுல்.

"ரெண்டு தலை" என்றார் யோம்.

பன்னிரண்டரை ஆகியிருந்தது. மேங் சித்தி திங்கட்கிழமையிலிருந்து கியூஜினோடு பேசுவதில்லை. டப்பாவை மட்டும் அவன் முன்னால் டொக்கென்று வைப்பார். இன்றும் வைத்தார். அவன் எழுந்துபோய்க் கை கழுவினான். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகம், முழங்கை வரை கழுவினான். வந்து சித்திக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, பன்றிக்குச் செய்த மாதிரியே மூன்று முறை விழுந்து எழுந்தான்.

"போதும் போதும், எழுந்திரு. நான் என்ன செத்த தலையா?"

"மன்னிச்சுடுங்க சித்தி."

"ஒரு வருஷமா எதப் போட்டாலும் 'நல்லாயிருக்கு'. வாய்ல என்ன இருக்குன்னே தெரியாம முழுங்கிட்டு இருந்தே. எனக்குத் தெரியாதா? அன்னைக்குத்தான் முதல் தடவையா நாக்க வச்சு ஒரு வார்த்தை சொன்னே. அதுவும் என் கிம்ச்சிய இனிக்குதுன்னு சொன்னே." டப்பாவை நகர்த்தினார். "இப்ப தின்னு. தின்னுட்டு ஒழுங்கா சொல்லு."

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். கியூஜின் ஒரு துண்டை எடுத்து மென்றான். அவசரப்படவில்லை. முதலில் காரம் வந்தது. அப்புறம் பூண்டு. அப்புறம், வெகு தூரத்தில், பேரிக்காய்.

"எப்படி?"

"உப்பு கொஞ்சம் கூட சித்தி."

மேங் சித்தி டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அரை நிமிடம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தானும் மென்று பார்த்தார்.

"ஆமா, கூடத்தான்" என்று டப்பாவைத் திருப்பி வைத்தார். "சோத்த நெறையப் போட்டுக்கோ."